மூன்று மில்லிமீட்டர் இடம்

போன மாதம் சித்தி மகள் போன் செய்தாள். "அக்கா, நீ கண்ணுக்குள்ள லென்ஸ் வச்சுக்கிட்டியே, அது உறுத்தாதா? உண்மையிலேயே பாதுகாப்புதானா?" அவளுக்கு 24 வயது. இரண்டு கண்ணிலும் மைனஸ் 9. முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட்டேன்: உறுத்தாது, உள்ளே ஒன்று இருப்பதே தெரியாது. இரண்டாவதற்கு "ஆமாம்" என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. "எழுதி அனுப்புறேன்" என்று வைத்துவிட்டேன். அவளுக்காக எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டது. அதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும்.

நான் மருத்துவர் இல்லை. ஆறு வருடங்களுக்கு முன், 29 வயதில், இரண்டு கண்ணிலும் ஐ.சி.எல். எனப்படும், கண்ணுக்குள்ளேயே பொருத்தும் லென்ஸை வைத்துக்கொண்டவள். அதற்கு முன் ஒரு வருடம் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அப்புறமும் படிப்பதை நிறுத்தவில்லை.

என் வலது கண் மைனஸ் 11.5, இடது 10.5. பவர் என்பது ஒரு தூரக் கணக்கு. 100 சென்டிமீட்டரைப் பவரால் வகுத்தால், கண்ணாடி இல்லாமல் தெளிவாகத் தெரியும் கடைசித் தூரம் கிடைக்கும். எனக்கு அது 9 சென்டிமீட்டர். அதற்கு அப்பால் இருந்ததெல்லாம் கரைந்த நிறங்கள். கண்ணாடி போட்டாலும் முழு நிம்மதி கிடையாது. அவ்வளவு பவர் உள்ள மைனஸ் கண்ணாடி எல்லாவற்றையும் சிறிதாக்கிக் காட்டும், ஓரத்தில் நேர்கோடுகள் வளையும். ஒருநாள் இரவு அது மிதிபட்டு உடைந்தது. புதிது வரும்வரை மூன்று நாள், மாடிப்படி இறங்க யாராவது கை பிடிக்க வேண்டியிருந்தது.

கான்டாக்ட் லென்ஸ் எட்டு வருடம் போட்டேன். கடைசி வருடம் கார்னியாவில், அதாவது கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் தெளிவான படலத்தில், கிருமி பிடித்துப் புண்ணாகி, இரவு பகலாக மணிக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டுத்தான் பார்வை தப்பியது. அறுவை சிகிச்சையின் ஆபத்தைப் பேசுகிறவர்கள், அது இல்லாமலே இருப்பதில் உள்ள ஆபத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் சேர்த்துக்கொண்டேன்.

எல்லோரையும் போல முதலில் லேசிக்தான் கேட்டுப் போனேன். லேசர், கார்னியாவைச் செதுக்கி அதன் வளைவை மாற்றும். ஒரு பவருக்குச் சுமார் 12 முதல் 15 மைக்ரான் வரை செதுக்க வேண்டும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. என் கார்னியாவின் மொத்தத் தடிமனே 498 மைக்ரான். மேலே மூடி போலத் தூக்கும் படலம் 110 போக, செதுக்குவது 150 போக, மிஞ்சுவது 240க்கும் கீழே. அடியில் 250 ஆவது இருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாக வைத்திருக்கும் எல்லை. அதற்குக் கீழே போனால் கண்ணின் உள்ளழுத்தம் தாங்காமல் கார்னியா முன்னால் பிதுங்கும் அபாயம் கூடுகிறது.

முதலில் போன இடத்தில் லேசிக் ஒத்துவராது என்று தெரிந்த உடனே, "அப்ப ஐ.சி.எல். போட்டுக்கலாம்மா, அடுத்த வியாழக்கிழமை தேதி தரட்டுமா?" என்று அங்கிருந்த கவுன்சலர் கேட்டார். கண்ணுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அதுவரை யாரும் அளக்கவில்லை. கார்னியாவின் செல்களை யாரும் எண்ணவில்லை. அது எவ்வளவு பெரிய தவறு என்று அன்று எனக்குத் தெரியாது. அந்த அவசரம் பிடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது.

இந்த லென்ஸ் எங்கே உட்காருகிறது என்று சொல்லிவிடுகிறேன். கண்ணின் முன்னால் கார்னியா. அதற்குப் பின்னால் நீர் நிறைந்த சிறிய அறை. அப்புறம் ஐரிஸ், அதாவது கண் பாப்பாவைச் சுற்றியிருக்கும் நிறமுள்ள வளையம். அதற்குப் பின்னால் நம் சொந்த லென்ஸ். ஐ.சி.எல். இந்த ஐரிஸுக்கும் சொந்த லென்ஸுக்கும் நடுவில் செருகப்படுகிறது. கண்புரை அறுவை சிகிச்சையில் சொந்த லென்ஸை எடுத்துவிட்டு வேறு வைப்பார்கள். இதில் எதையும் எடுப்பதில்லை. அதுதான் இதன் அழகு, சிக்கலும் அதுதான். நோயில்லாத ஒரு லென்ஸின் மேல், அதைத் தொடாமல் இன்னொன்றை மிதக்கவிட வேண்டும்.

இதன் வரலாற்றைப் படித்தபோதுதான் எனக்குப் பயமும் வந்தது, நம்பிக்கையும் வந்தது. 1949இல் லண்டனில் ஹரால்டு ரிட்லி முதன்முதலாக மனிதக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தார். போரில் அடிபட்ட விமானிகளின் கண்ணுக்குள் விமானக் கூரையின் பிளாஸ்டிக் சில்லுகள் தங்கிவிட்டும் கண் அவற்றைப் பொறுத்துக்கொண்டதை அவர் கவனித்திருந்தார். அது கண்புரைக்காக. சில ஆண்டுகளிலேயே இத்தாலியில் ஸ்ட்ராம்பெல்லி, கிட்டப்பார்வைக்காக ஐரிஸுக்கு முன்னால் இருக்கும் அறையில் லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஸ்பெயினில் பாராக்கர் அப்படி 239 லென்ஸ்கள் வைத்து, பின்னால் அவற்றில் பாதிக்கு மேல் திரும்ப எடுக்க வேண்டிவந்தது.

காரணம் கார்னியாவின் உள்பக்கம். அங்கே ஒற்றை வரிசையாகச் செல்கள் ஒட்டியிருக்கின்றன. பெரியவர்களுக்கு ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2500. கார்னியாவுக்குள் ஊறும் நீரை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருப்பது அவற்றின் வேலை. அதனால்தான் கார்னியா தெளிவாக இருக்கிறது. ஒரு செல் செத்தால் அந்த இடத்தில் புதிது முளைக்காது, பக்கத்துச் செல் அகன்று இடத்தை நிரப்பிக்கொள்ளும், அவ்வளவுதான். முன்னறையில் வைத்த லென்ஸ்கள் இந்த வரிசைக்கு மிக அருகில் இருந்தன. பல பத்தாண்டுகள் கழித்து நல்ல பொருளில், நல்ல வடிவத்தில் வந்த முன்னறை லென்ஸ்களில் சிலவும் இதே காரணத்தால் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டன. வைத்த முதல் வருடம் பார்வை பிரமாதமாக இருந்திருக்கும். குறை தெரிய வருடங்கள் ஆயின. இந்த ஒரு விஷயம் என் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

1986ஐ ஒட்டி இரண்டு பாதைகள் பிரிந்தன. நெதர்லாந்தின் யான் வொர்ஸ்ட், ஐரிஸைக் கொக்கிபோல் கவ்விப் பிடிக்கும் லென்ஸைக் கிட்டப்பார்வைக்குக் கொண்டுவந்தார். அது இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. மாஸ்கோவில் ஃபியோதரோவ், லென்ஸை ஐரிஸுக்குப் பின்னால் கொண்டுபோனார். கார்னியாவிலிருந்து விலகியது நல்லதுதான், ஆனால் சொந்த லென்ஸோடு உரசிக் கண்புரை வந்தது. ஐ.சி.எல். இந்த இரண்டாவது பாதையில் வந்தது. கொல்லாமர் என்ற, சிறிதளவு கொல்லாஜன் என்ற புரதம் கலந்த மென்மையான பொருளால் ஆனது. 1993இல் முதன்முதலாக மனிதக் கண்ணில் வைக்கப்பட்டு, 2005இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதி பெற்றது.

ஆனாலும் கண்புரைப் பிரச்சினை முழுசாக விடவில்லை. கண்ணுக்குள் ஒரு நீரோட்டம் இருக்கிறது. ஐரிஸுக்குப் பின்னால் சுரந்து, சொந்த லென்ஸின் முகத்தைக் கழுவிக்கொண்டு, கண் பாப்பா வழியாக முன்னறைக்கு வந்து வடிகிறது. லென்ஸுக்கு ரத்தக் குழாய் கிடையாது, அதற்குச் சாப்பாடு இந்த நீர்தான். நடுவில் ஒரு தட்டை வைத்தால் ஓட்டம் தடைபடும். பின்னால் நீர் தேங்கினால் ஐரிஸ் முன்னால் தள்ளப்பட்டுக் கண் அழுத்தம் ஏறும். அதனால் அந்தக் காலத்தில் அறுவைக்குச் சில நாட்கள் முன்பே லேசரால் ஐரிஸின் ஓரத்தில் துளை போட்டார்கள். அழுத்தத்துக்கு அது வழி செய்தது. சொந்த லென்ஸின் நடுப்பகுதியில் நீர் சரியாக ஓடாமல் இருந்ததை அது தீர்க்கவில்லை.

2016இல் வெளியான ஒரு ஸ்விட்சர்லாந்து ஆய்வை நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். துளையில்லாத பழைய ஐ.சி.எல். வைத்த 133 கண்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். பத்தாவது வருட முடிவில் 100க்கு 55 கண்களில் சொந்த லென்ஸில் ஏதோ ஒரு அளவு மங்கல் வந்திருந்தது. மங்கல் என்றால் எல்லாமே பார்வையைக் கெடுப்பதல்ல, ஆனால் 100க்கு 18 கண்களுக்குக் கண்புரை அறுவை சிகிச்சையே செய்ய வேண்டிவந்தது. ஐ.சி.எல்.லுக்கும் சொந்த லென்ஸுக்கும் இடையே இருந்த இடைவெளியும் வருடம் செல்லச் செல்லக் குறைந்துகொண்டே வந்திருந்தது. இதைப் படித்த இரவு நான் இந்த யோசனையையே கைவிட்டேன்.

மனம் மாறியது ஒரு துளையால். ஜப்பானிய மருத்துவர் கிமியா ஷிமிசு, லென்ஸின் நட்டநடுவிலேயே ஒரு சிறு துளை போட்டால் என்ன என்று யோசித்தார். 0.36 மில்லிமீட்டர் துளை. நீர் அதன் வழியே இயல்பான பாதையிலேயே ஓடும், ஐரிஸில் தனியாகத் துளை போட வேண்டியதில்லை. பார்க்கும் பாதையின் நடுவில் ஓட்டை இருந்தால் பார்வை கெடாதா என்று எனக்கும் தோன்றியது. அவ்வளவு சிறிய துளை, கூர்மையைக் குறைப்பதில்லை என்று சோதித்துக் காட்டினார்கள். ஐரோப்பாவில் 2011இலிருந்தும் அமெரிக்காவில் 2022இலிருந்தும் அனுமதியோடு இருக்கும் இந்த வகைதான் என் கண்ணிலும் இருக்கிறது. இது வந்தபிறகு, ஐ.சி.எல்.லால் வரும் கண்புரை மிகவும் அரிதாகிவிட்டது.

இடைவெளியைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, மருத்துவர்கள் அதை 'வால்ட்' என்கிறார்கள். எனக்கு மற்ற எல்லா எண்களையும்விட இதுதான் முக்கியம். ஐ.சி.எல்.லின் முதுகுக்கும் சொந்த லென்ஸின் முகத்துக்கும் நடுவில் 250 முதல் 750 மைக்ரான் வரை இருந்தால் நல்லது என்பது பரவலான கருத்து. மிகவும் குறைந்தால் உரசலும் கண்புரையும். மிகவும் கூடினால் ஐரிஸ் முன்னால் தள்ளப்பட்டு, நீர் வடியும் மூலை குறுகி, அழுத்தம் ஏறலாம். இதைத் தீர்மானிப்பது லென்ஸின் நீளம். 12.1, 12.6, 13.2, 13.7 மில்லிமீட்டர் என்று நான்கே அளவுகள்தான் வருகின்றன. கண்ணின் அகலத்தையும் ஆழத்தையும் ஸ்கேனில் அளந்து இந்த நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில நேரம் கணிப்பு தவறி, வைத்த லென்ஸை எடுத்து வேறு அளவு வைக்க நேர்வதும் உண்டு. அதனால் அறுவை செய்யும் கையைவிட அளக்கும் கைக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

இரண்டாவதாகப் போன மருத்துவர் மூன்று தடவை வரச்சொல்லி அளந்தார். கான்டாக்ட் லென்ஸ் கார்னியாவின் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றிவிடும் என்பதால், அதை இரண்டு வாரம் விட்டுவிட்டு வரச் சொன்னார். முன்னறையின் ஆழம் எனக்கு 3.3 மில்லிமீட்டர். அமெரிக்காவில் குறைந்தது 3.0 இருக்க வேண்டும் என்பது விதி, ஐரோப்பாவில் 2.8. செல் எண்ணிக்கை 2780. பவர் ஒரு வருடமாக மாறாமல் இருந்தது. கண்ணை விரியவைத்துப் பார்த்ததில் வலது விழித்திரையின் ஓரத்தில் மெலிந்த இடமும் இரண்டு சிறு ஓட்டைகளும் தெரிந்தன. முதலில் அதற்கு லேசர் போட்டு, ஒரு மாதம் ஆறவிட்ட பிறகுதான் தேதி கொடுத்தார்.

அறுவையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சொட்டு மருந்தால் மரத்துப்போக வைத்தார்கள். மூன்று மில்லிமீட்டர் அளவு கீறல், அதன் வழியே சுருட்டிய லென்ஸை உள்ளே விட, அது மெதுவாக விரிந்தது. பிரகாசமான விளக்கும் கொஞ்சம் அழுத்தமும்தான் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு கண்ணுக்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று மணி நேரம் கழித்து வலது கண் வலித்தது. அழுத்தம் 28க்கு ஏறியிருந்தது. 21 வரை இருப்பதைத்தான் இயல்பு என்பார்கள். அறுவையின்போது உள்ளே இடம் பிடிக்க வைக்கும் பசை போன்ற மருந்து கொஞ்சம் தங்கிவிட்டதால் வருவது என்றார் மருத்துவர். கீறல் வழியாகக் கொஞ்சம் நீரை வெளியேற்றி, மாத்திரை கொடுத்தார். மாலைக்குள் இறங்கிவிட்டது. அன்று அங்கேயே உட்கார வைத்திருந்தது ஏன் என்று அப்போது புரிந்தது. வீட்டுக்கு அனுப்பியிருந்தால் தலைவலி என்று தூங்கியிருப்பேன்.

மறுநாள் காலை கண் விழித்து, மின்விசிறியின் இறக்கைகளில் படிந்திருந்த தூசியைப் பார்த்தேன். அழுதுவிட்டேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத வரவில்லை.

பலன் என்று பார்த்தால் இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அமெரிக்க அனுமதிக்காக நடந்த ஆய்வில் 327 பேரின் 629 கண்களில் இந்தத் துளையுள்ள லென்ஸை வைத்தார்கள். ஆறு மாதத்தில் பத்தில் ஒன்பது கண்கள், குறி வைத்த பவருக்கு அரைப் புள்ளிக்குள் வந்திருந்தன. லேசர் சிகிச்சையையும் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட மூன்று ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி ஆராயும் காக்ரேன் அமைப்பு 2014இல் தொகுத்தது. மைனஸ் 6 முதல் 20 வரையிலான 228 கண்கள். கண்ணாடியில்லாமல் தெளிவாகப் பார்ப்பதில் இரண்டும் ஏறக்குறைய சமம். ஆனால் லென்ஸ் வைத்தவர்களில், கண்ணாடி போட்டாலும் முன்பிருந்த அளவுக்குத் தெரியாமல் போனவர்கள் குறைவு, வெளிர் சாயலையும் அடர் சாயலையும் பிரித்தறிவதும் மேல், அவர்கள் திருப்தியும் அதிகம். முன்கூட்டிக் கண்புரை வரும் சிறு ஆபத்து ஒன்றை மட்டும் எதிர்ப்பக்கம் வைத்தது அந்தத் தொகுப்பு. கண்ணாடியோடு ஒப்பிட்டாலும் பலன் உண்டு. பவர் கண்ணுக்கு வெளியே முகத்தில் தொங்காமல் கண்ணுக்குள்ளேயே உட்காரும்போது எதுவும் சுருங்கித் தெரிவதில்லை. கண்ணாடியில் படிக்க முடியாத ஒரு வரியை நான் இப்போது கூடுதலாகப் படிக்கிறேன்.

ஒரே குறை, இவை ஆறு மாதம், பன்னிரண்டு மாதம் பார்த்த கணக்குகள். 29 வயதில் வைப்பவருக்கு அதன்பின் ஐம்பது வருட வாழ்க்கை இருக்கிறது. முன்னறை லென்ஸ்களும் முதல் வருடம் நன்றாகத்தான் இருந்தன. அதனால்தான் "பாதுகாப்புதானா" என்ற கேள்விக்கு என்னால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. வருடத்துக்கு ஒருமுறை போய் அளந்து பார்க்கிறவரை பாதுகாப்பு என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. இந்த ஜூலையில் என் செல் எண்ணிக்கை 2690. வலது கண்ணில் இடைவெளி 520இலிருந்து 480. மருத்துவர் திருப்தியாகத் தலையசைத்தார். அடுத்த வருடமும் போவேன்.

கிருமித் தொற்றுக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். 1998 முதல் 2006 வரை வைக்கப்பட்ட சுமார் 18,000 ஐ.சி.எல். லென்ஸ்களைப் பற்றிய ஒரு கணக்கெடுப்பில் கண்ணுக்குள் கிருமி பிடித்தது மூன்று பேருக்கு. அபூர்வம்தான். அந்த மூன்று பேரில் ஒருவராக இருந்தால் அபூர்வம் என்பது ஆறுதலாகாது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டேன், ஒரு மாதம் கண்ணைக் கசக்கவே இல்லை.

இழந்தவற்றையும் சொல்ல வேண்டும். இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தது, மெல்லிய கோடு போட்ட மாதிரி. நடுத்துளையின் விளிம்பில் பட்டு ஒளி சிதறுவது. நான்கைந்து மாதத்தில் மூளை அதைக் கண்டுகொள்வதை விட்டுவிட்டது. தேடினால் இன்றும் தெரியும். இன்னொன்றை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. என் பழைய கண்கள், பூதக்கண்ணாடி போல. விரலில் முள் ஏறினால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு 9 சென்டிமீட்டரில் வைத்துப் பார்ப்பேன், தோலின் வரிகூடப் பெரிதாகத் தெரியும். அது போய்விட்டது. நாற்பது தாண்டியதும் எல்லோரையும் போல எனக்கும் வாசிப்புக் கண்ணாடி வரும். லென்ஸ் வைத்தால் ஆயுளுக்கும் கண்ணாடியே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

"பிடிக்கலன்னா கழட்டிடலாம்" என்பதும் அடிக்கடி காதில் விழும் வார்த்தை. லென்ஸைக் கழற்றலாம், உண்மை. பின்னாளில் கண்புரை வந்தால் அதே போன்ற சிறு கீறல் வழியாக இதை எடுத்துவிட்டு வழக்கமான அறுவையைச் செய்யலாம். ஆனால் அதற்குள் செத்த செல் திரும்பாது, மங்கிய சொந்த லென்ஸ் தெளியாது. இதை ஒரு சட்டையைக் கழற்றுவதுபோல் பேசுவது சரியில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானதை மருத்துவர் கடைசி நாள் சொன்னார். "உங்க பவர்தான் போயிருக்கும்மா. கண்ணு அதே கண்ணுதான்." கிட்டப்பார்வை அதிகமுள்ள கண், நீளமாக வளர்ந்த கண். உள்ளே விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். அது பிய்ந்து விலகும் ஆபத்து, கண் அழுத்த நோயின் ஆபத்து எதுவும் லென்ஸ் வைத்ததால் நீங்குவதில்லை. கண்ணாடி இல்லாமல் தெரிகிறதே என்று வருடப் பரிசோதனையை விட்டுவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் திடீரென்று கூட்டமாக மிதந்தாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல் மறைத்தாலோ அன்றே போக வேண்டும். மறுநாள் வரை பொறுக்கக் கூடாது.

இவ்வளவையும் எழுதி அவளுக்கு அனுப்பினேன். படித்துவிட்டு, அளந்து பார்க்க மட்டும் போகிறேன் என்றாள். நேற்று மாலை போன் வந்தது. செல் எண்ணிக்கை நன்றாக இருந்ததாம், விழித்திரையிலும் குறை இல்லையாம். முன்னறையின் ஆழம் மட்டும் 2.6 மில்லிமீட்டர். "உங்க கண்ணுல இடம் இல்லம்மா, நான் வைக்க மாட்டேன்" என்று மருத்துவர் சொல்லிவிட்டார். குரலில் ஏமாற்றம் இருந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அவளே, "அக்கா, நல்ல கண்ணாடி ஒண்ணு பாக்கணும், கூட வர்றியா?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.